காரைக்குடி வெயிலும் 360 ரேடியேட்டரும்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிற பிள்ளைகள் கையில் இப்போதெல்லாம் ஒரு பட்டியல் இருக்கிறது. பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் எல்லாம் யோசித்துத்தான் போட்டிருப்பார்கள். கூலர் என்ற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ‘360 ஏஐஓ’ என்று எழுதியிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், “நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணிதாண்ணே தாங்கும்” என்று பதில் வரும். இந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காகப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் செலவழிக்கும் முன் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஏஐஓ என்றால் ஆல்-இன்-ஒன், பிராசசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலர். திரவம் நிரப்பி, சீல் வைத்தே கம்பெனியிலிருந்து வருகிறது. நாம் எதையும் ஊற்ற வேண்டியதில்லை. பிராசசர் மேல் உட்காரும் பகுதியின் அடியில் ஒரு செம்புத் தகடு. அதன் உள்பக்கம் மிக மெல்லிய செதில்களாகச் சீவப்பட்டிருக்கும். பெரும்பாலான மாடல்களில் பம்பும் அதற்கு மேலேயே இருக்கிறது. அங்கிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் அலுமினிய ரேடியேட்டருக்குப் போகின்றன. ரேடியேட்டரில் இரண்டோ மூன்றோ ஃபேன்கள்; 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு என்றால் அது 240, மூன்று என்றால் 360. பிராசசரின் சூட்டைத் திரவம் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். ஃபேன் தள்ளும் காற்று அந்தச் சூட்டைப் பறித்துக்கொண்டு வெளியேறும். திரவம் திரும்பி வரும். காரின் பானெட்டுக்குள் நடப்பதும் இதேதான்.

இதில் கவனிக்க வேண்டியது, கடைசியில் சூட்டை வாங்கிக்கொள்வது அறையின் காற்றுதான். தண்ணீர் சூட்டைச் சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் இல்லாமல் ஃபேன் காற்றால் மட்டும் பிராசசரைக் குளிர்விக்கும் சாதாரண ஏர் கூலரில் ஹீட் பைப் என்கிற செம்புக் குழாய் செய்கிற அதே சுமக்கும் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. ஆகவே அறை 36 டிகிரியில் இருந்தால், உலகத்தின் விலை உயர்ந்த ஏஐஓவைப் போட்டாலும் பிராசசர் 36-க்குக் கீழே இறங்காது. ஏசி அறையில் ரேடியேட்டர் வியர்த்துத் தண்ணீர் சொட்டுமோ என்று சிலர் பயப்படுவார்கள். அறையின் வெப்பத்துக்குக் கீழே போகவே முடியாத பொருள் வியர்க்க வழியில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் நொடிக்குச் சுமார் 16.7 கிராம். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 70. அதாவது 70 வாட் சூட்டுக்கு ஒரு டிகிரி. 200 வாட் கக்குகிற பிராசசரைக் கடந்து போகும்போதும் தண்ணீர் மூன்று டிகிரிதான் ஏறுகிறது! உள்ளே இருப்பது சுத்தத் தண்ணீர் இல்லை, கிளைக்கால் என்ற ரசாயனத் திரவம் கலந்தது என்பதால் இன்னும் சற்றுக் கூடலாம். எப்படியும் போகிற குழாயும் வருகிற குழாயும் தொட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்க வேண்டும். ஒன்று கொதித்து, மற்றது சில்லென்று இருந்தால் பம்ப் நின்றுவிட்டது அல்லது அடைப்பு விழுந்துவிட்டது என்று பொருள்.

பம்ப் வேகத்தைப் பற்றிய விளம்பரங்களுக்கு மயங்க வேண்டாம் என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அந்த மூன்று டிகிரி ஒன்றரை ஆகும். சத்தம் நன்றாகவே கூடும். உண்மையான வேலை ரேடியேட்டரின் பரப்பிலும் அதன் வழியே போகும் காற்றிலும் இருக்கிறது.

சரி, நம் ஊர்க் காற்றுக்கு வருவோம். காரைக்குடியில் ஏப்ரல், மே மாதங்களில் பகலில் 38, 40 டிகிரி சாதாரணம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற கான்கிரீட் அறை என்றால் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி பத்து மணிக்கும் இறக்கிக்கொண்டிருக்கும். யூடியூபில் கூலர் சோதிப்பவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். அங்கே 75 என்று காட்டிய கூலர் உங்கள் அறையில் 87, 88 காட்டினால் கூலரைக் குற்றம் சொல்ல முடியாது. வாங்கும் முன் ஏதாவது விமர்சனம் பார்த்தால், அந்த எண்ணோடு பன்னிரண்டோ பதின்மூன்றோ கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் கதை வேறு. தடித்த சுவர், உயர்ந்த கூரை, காலுக்குக் குளிர்ச்சியான ஆத்தங்குடிக் கல், நடுவில் வானம் பார்த்த வளவு. சூடு மேலே ஏறிப் போய்விடும். வளவிலோ முகப்பிலோ கம்ப்யூட்டரை வைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் யாரும் அங்கே வைப்பதில்லை. வளவைச் சுற்றி இருக்கிற இருட்டறைகளில் ஒன்றைப் பையனுக்கு ஒதுக்கியிருப்பார்கள். பெட்டியும் பாத்திரமும் வைப்பதற்காகக் கட்டிய அறை. ஜன்னல் சின்னதாக இருக்கும், அல்லது இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு விளையாட உட்கார்ந்தால் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டுமாகச் சேர்ந்து 400, 500 வாட் சூட்டை அந்த அறைக்குள்ளேயே கொட்டும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய சூடு சுமார் 3,500 வாட். அதில் ஏழில் ஒரு பங்கை உங்கள் கேபினட்டே தின்றுவிடும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். “அண்ணே, 360 போட்டும் 88 காட்டுது. கூலர் பழுதா?”

கேபினட்டை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அப்பத்தா காலத்துத் தேக்கு அலமாரி, அதில் கீழ்த்தட்டு. மூன்று பக்கமும் பலகை.

“அதை வெளிய எடுத்து மேசை மேல வச்சு, அரை மணி நேரம் ஓட்டிட்டுச் சொல்லுப்பா.”

79-க்கு இறங்கிவிட்டது என்று சாயங்காலம் சொன்னான். ரேடியேட்டர் துப்பிய சூட்டையே திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். அரை மணி நேரம் என்று நான் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஏர் கூலரில் உச்ச வெப்பம் ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏஐஓவில் முதலில் தண்ணீர் சூடாக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போன பிறகுதான் உண்மையான எண் வரும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பிரமாதம் என்று முடிவு கட்டுவது தப்பு.

அடுத்தது பிராசசர். அட்டையில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பிக் கூலர் வாங்கக்கூடாது. இன்டெல் கோர் ஐ5-12400 அட்டையில் 65 வாட். முழு வேகத்தில் 117 வரை இழுக்க அனுமதி உண்டு. கோர் ஐ9-14900கே அட்டையில் 125, உச்சத்தில் 253. ஏஎம்டியில் ரைசன் 5 7600-க்கு 65 என்று போட்டு 88 வரை விடுவார்கள். ரைசன் 9 7950எக்ஸ்-க்கு 170 என்று போட்டு 230 வரை. இதற்கு நேர்மாறாக, விளையாட்டுப் பிரியர்கள் தேடி வாங்கும் ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 120 வாட் என்று போட்டிருந்தாலும் கேம் ஓடும்போது பெரும்பாலும் அதைவிட நன்றாகக் குறைவாகவே எடுக்கிறது.

எத்தனை டிகிரி வரை போகலாம் என்பதும் பிராசசருக்குப் பிராசசர் மாறுகிறது. 14900கே 100 வரை தாங்கும். 7950எக்ஸ் 95 வரை போய், அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 7800எக்ஸ்3டி-யின் எல்லை 89. எல்லையைத் தொட்டால் கருகிப் போகாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே திரையில் 85-ஐப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை.

இன்னொரு சங்கடம் ரைசனில் உண்டு. சூட்டின் பெரும்பகுதி சுமார் 70 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சின்னச் சில்லிலிருந்து (7950எக்ஸ் போன்றவற்றில் இரண்டு) வருகிறது. அந்தக் குறுகிய இடத்திலிருந்து சூடு மேலே வருவதற்கே நெரிசல். அங்கே நெரியும்போது ரேடியேட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் எண் அவ்வளவாக இறங்காது. அந்தச் சில் பிராசசரின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதால், கூலரைச் சில மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தும் வசதியைச் சில கம்பெனிகள் கொடுக்கின்றன. ஏஎம்5 சாக்கெட் (இந்த ரைசன்கள் மதர்போர்டில் உட்காரும் இடம்) வைத்திருப்பவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 240-லிருந்து 360-க்குத் தாவும் செலவைவிட அதில் லாபம் இருக்கலாம்.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். பிராசசர் உண்மையில் எடுப்பது 120 வாட்டுக்குள் என்றால் ஏஐஓ வேண்டாம். டீப்கூல் ஏகே400 மாதிரி செதில் அடுக்கு ஒன்றே உள்ள ஒற்றைக் கோபுர ஏர் கூலர் போதும், நம் ஊர் மே மாதத்திலும் போதும். 180 வரை என்றால் தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் போன்ற இரட்டைக் கோபுரம். 200-ஐத் தாண்டி, அதுவும் வீடியோ ரெண்டரிங் போல மணிக்கணக்கில் முழுப் பளுவோடு ஓடுகிறது என்றால்தான் ஏஐஓவுக்கு அர்த்தம் வருகிறது. அப்போது 240 போதாது, 360 பக்கம் போங்கள்.

நடுவில் இருக்கும் 240-ஐ நான் லேசில் பரிந்துரைப்பதில்லை. நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, கூடுதல் விலைக்கு. கேபினட் ஒல்லியாக இருந்து உயரமான கூலர் உள்ளே போகாது என்றால், அல்லது கிலோ கணக்கில் உலோகத்தைத் தொங்கவிட்ட கம்ப்யூட்டரை ஹாஸ்டலுக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைகிற மாணவர் என்றால் 240 சரி. அழகுக்காக வாங்குகிறேன் என்றாலும் சரிதான். அது உங்கள் பணம். வெயிலைச் சாக்குச் சொல்லாமல் இருந்தால் போதும். 120 மில்லிமீட்டர் ஒற்றை ஃபேன் ஏஐஓவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

கடைக்காரர்கள் அதிகம் காட்டாத ஒரு அளவு 280. பரப்பைக் கணக்கிட்டால் 240 என்பது 120 பெருக்கல் 240, ஆக 28,800 சதுர மில்லிமீட்டர். 280 என்பது 140 பெருக்கல் 280, அதாவது 39,200. 360-இல் 43,200. ஆக 280-க்கும் 360-க்கும் வித்தியாசம் பத்து சதவீதம்தான். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றும், சத்தமும் குறைவு. கேபினட் ஏற்றுக்கொண்டால் நான் 280-ஐத்தான் எடுப்பேன்.

கேபினட் ஏற்றுக்கொள்கிறதா என்பதை ஆன்லைனில் பார்த்துவிட்டு நிற்காமல் டேப் வைத்து அளந்தே பாருங்கள். 360 ரேடியேட்டர் என்றால் நீளம் 360 இல்லை. இரண்டு முனையிலும் உள்ள தொட்டியையும் சேர்த்துப் பெரும்பாலும் 395-ஐத் தாண்டும். கனம் 27 மில்லிமீட்டர், அதோடு ஃபேன் 25, ஆக 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3-இல் ரேடியேட்டரே 38. மேல்பக்கம் மாட்டும்போது உயரமான ரேம் இருந்தால் இடிக்கும். கேபினட் கையேட்டில் ‘மேலே 360’ என்று எழுதியிருப்பது ரேம் உயரத்தைக் கணக்கில் எடுத்தா எடுக்காமலா என்று சொல்லவே மாட்டார்கள்.

மாட்டும் இடம் பற்றி. உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்றுக் குமிழி இருக்கும். அது உயரமான இடத்துக்குப் போய் நிற்கும். பம்ப் உயரமான இடமாக இருந்துவிட்டால் குமிழி அதற்குள் சிக்கிச் சலசலவென்று சத்தம் வரும், பம்பும் சீக்கிரம் தேயும். ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருந்தால் தப்பித்தீர்கள். கேபினட்டின் கூரையில் மாட்டி, காற்றை மேலே வெளியேற்றுவதுதான் தொல்லையில்லாத வழி. முன்பக்கம் மாட்டினால் பிராசசர் சில டிகிரி குறையும், ஆனால் அந்தச் சூட்டுக் காற்று கிராபிக்ஸ் கார்டின் முகத்தில் அடிக்கும். விளையாடுகிறவருக்கு அது நஷ்டம். முன்பக்கம்தான் மாட்டியாக வேண்டும் என்றால் குழாய்கள் கீழே வரும்படி திருப்பிவிடுங்கள்.

அப்புறம் ஆயுள். பல மாடல்களில் தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு வேறு உலோகம், நடுவில் மின்சாரம் கடத்துகிற நீர். பள்ளிக்கூட வேதியியல் நினைவிருந்தால், அது ஒரு சின்ன மின்கலம். அலுமினியம் மெல்ல அரிக்கப்படும். காரைக்குடிக்காரர்களுக்கு இந்த விஷயம் அந்நியம் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இங்கேதானே இருக்கிறது. உலோக அரிப்பு அங்கே ஒரு முக்கிய ஆராய்ச்சித் துறை. கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். ஏஐஓவுக்குள் அந்த அரிப்பைத் தள்ளிப்போடத்தான் திரவத்தில் அரிப்புத் தடுப்பு மருந்து கலக்கிறார்கள். பாசி பிடிக்காமல் இருக்கவும் மருந்து உண்டு.

ஆகையால் சில மாடல்களில் திரவம் நிரப்பத் திருகு வைத்திருந்தாலும் வீட்டுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். போர்வெல் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். இனிப்பான ஊருணித் தண்ணீரானாலும் கூடாது. கம்பெனி சொல்லும் திரவம் மட்டும்தான்.

ஊற்ற வேண்டிய தேவை ஏன் வருகிறது என்றால், ரப்பர் குழாயின் சுவர் வழியாகவே நீர் மிக மெதுவாக ஆவியாகிக் குறைந்துகொண்டிருக்கும். சூடு கூடினால் அதுவும் கூடும். திரவத்தின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகக் கம்பெனிகள் வைத்திருக்கும் வரம்பு. 22 டிகிரி அறையில் இருப்பவருக்கு அந்த எல்லை எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. 36 டிகிரி அறையில், 250 வாட் பிராசசருக்குச் சின்ன ரேடியேட்டர் போட்டு, சத்தம் வேண்டாம் என்று ஃபேனையும் மெதுவாக்கினால் அது பக்கத்தில் வந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு 360 வேண்டும் என்ற பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான்: ஏஐஓ போடுவது என்று முடிவாகிவிட்டால் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள்.

கசிவு பற்றிக் கேட்காத ஆள் இல்லை. நடக்கும், ஆனால் அபூர்வம். அதைவிட நிச்சயமாக நடப்பது பம்ப் ஒருநாள் நின்று போவது. நல்ல கம்பெனிகள் ஐந்து, ஆறு வருடம் வாரண்டி தருகின்றன. அதையே அதன் ஆயுளாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி உண்டு என்றாலும் சர்வீஸ் சென்டர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். கூரியரில் போய், பார்த்து, மாற்றி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதுவரை கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். ஏர் கூலரில் கெடக்கூடியது ஒரு ஃபேன். செக்காலை ரோட்டில் அன்றைக்கே வாங்கி மாட்டிவிடலாம். ஏஐஓ வாங்குகிறவர்கள் ஒரு மலிவான ஏர் கூலரைப் பரணில் போட்டு வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

தூசி நம் பக்கம் இன்னொரு எதிரி. செம்மண் புழுதி ஒரு பக்கம்; புதுவயல் மாதிரி அரிசி ஆலைகள் உள்ள ஊரில் உமித்தூசியும் சேர்ந்துகொள்ளும். ரேடியேட்டர் செதில்களின் இடைவெளி மிகச் சிறியது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால் அடியில் கம்பளி மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதை உரித்து எடுத்தாலே சில டிகிரி இறங்குகிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் பாதித் தூசி மிச்சம்.

வாங்கும்போது சாக்கெட் பார்த்துக்கொள்ளுங்கள்: ஏஎம்டியின் ஏஎம்5-ஆ, இன்டெலின் எல்ஜிஏ1700-ஆ, 1851-ஆ. 1700-க்கு வந்த கிளிப் 1851-க்கும் பொருந்தும். ஏஎம்4-க்கு வந்தவை பலவும் ஏஎம்5-இல் உட்காரும். விளக்கு உள்ள மாடல் என்றால் மூன்று முள் கொண்ட 5 வோல்ட் இணைப்பும், நான்கு முள் கொண்ட 12 வோல்ட் இணைப்பும் வேறு வேறு. 5 வோல்ட் விளக்கை 12-இல் செருகினால் அந்த நிமிடமே கருகும். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் அட்டையில் தயாரித்த தேதியைப் பாருங்கள். அலமாரியில் சும்மா கிடந்த வருடங்களிலும் குழாய் வழியே நீர் குறைந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

மாட்டும்போது செம்புத் தகட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் படலத்தை உரித்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அதை உரிக்காமலே திருகி முடுக்கியவர்கள் ஏராளம். பம்பின் வயரை ‘ஏஐஓ பம்ப்’ என்று மதர்போர்டில் எழுதியிருக்கும் முள்ளில் செருகுங்கள். ஆன் செய்ததும் நேராக பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) போய் இரண்டு எண்களைப் பாருங்கள்: பம்பின் சுற்று வேகம், பிராசசரின் வெப்பம். பம்ப் பூஜ்யம் காட்டினாலோ, வெப்பம் ஒரு நிமிடத்துக்குள் 90-ஐ நோக்கி ஏறினாலோ உடனே அணைத்துவிட்டு வயரையும் படலத்தையும் பாருங்கள். நாற்பது, ஐம்பதில் நின்றால் விண்டோஸ் போட ஆரம்பிக்கலாம்.